உதட்டின் ஓரத்தில் ஒரு நிழல்

அறந்தாங்கிக் கடைத்தெருவின் ஃபேன்சி ஸ்டோர்களில் லிப்ஸ்டிக் வரிசைக்குப் பக்கத்தில் இப்போது இன்னொரு பென்சிலும் இடம்பிடித்திருக்கிறது. மூடியைக் கழற்றினால் சிவப்பும் இல்லை, ரோஜா நிறமும் இல்லை. மங்கிய, லேசாகச் சாம்பல் கலந்த பழுப்பு. உதட்டில் பூசிக்கொள்ள யாருக்கும் ஆசை வராத நிறம். லிப் கான்டூர் என்று விற்கிறார்கள். கீழுதட்டின் அடியில் அதைக்கொண்டு சின்னதாக ஒரு கோடு இழுத்து, விரல் நுனியால் கலைத்துவிட்டால் போதும், "இன்னைக்கு முகம் என்னமோ எடுப்பா இருக்கே" என்பார்கள் பார்க்கிறவர்கள். எதையோ பூசியிருக்கிறாள் என்று அவர்களுக்குத் தோன்றாது. அடர்சிவப்பு லிப்ஸ்டிக் என்றால் தெருமுனையிலேயே தெரிந்துவிடும்.

கருமையைக் கொஞ்சம் சேர்த்ததும் உதடு எப்படி முன்னால் வந்து நிற்கிறது? அதே பென்சில் அக்காளுக்கு இயல்பாகப் பொருந்தி, தங்கைக்குச் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடுவது ஏன்? வீட்டுக் கண்ணாடியில் சரியாக இருந்தது கல்யாண மண்டப வாசலில் நின்றதும் திட்டுத்திட்டாகத் தெரிவானேன்? பென்சில் வாங்கிப் பார்த்த பெண்கள் எல்லோருக்கும் இந்த மூன்று கேள்விகளும் ஏதாவது ஒரு காலையில் எழுந்திருக்கும். மூன்றுக்கும் விடை நிறத்தில் இல்லை, வெளிச்சத்தில் இருக்கிறது என்பதே என் கட்சி.

ஒரே நிறக் கல்லில் உதடு

இதைப் புரிந்துகொள்ள அறந்தாங்கிக்காரர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. 14 கிலோமீட்டரில் ஆவுடையார்கோயில். கருவறையில் லிங்கம் இல்லை, ஆவுடை மட்டுமே. அருவமாக வழிபடும் அந்தக் கோயிலின் மண்டபங்களில்தான் ஆளுயர உருவங்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. கொடுங்கையின் மெல்லிய கல் வேலைப்பாட்டை அண்ணாந்து பார்த்து அதிசயிக்கிறவர்கள், ஒருமுறை கண்ணைக் கீழே இறக்கி அந்தச் சிலைகளின் வாயை மட்டும் கவனித்துப் பார்க்க வேண்டும்.

சிலையின் கன்னமும் உதடும் ஒரே கல். ஒரே நிறம். ஆனாலும் உதடு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதில் நமக்குச் சந்தேகமே வருவதில்லை. சிற்பி நிறம் தீட்டவில்லை, சரிவுகளைச் செதுக்கியிருக்கிறார். மேலுதடு சற்றே உள்ளும் கீழுமாகச் சரிகிறது. மேலேயிருந்து வரும் வெளிச்சம் அதன்மேல் குறைவாக விழுவதால் அது மங்கல். கீழுதடு மேல்நோக்கிப் புடைத்திருப்பதால் வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு பளிச்சென்று இருக்கிறது. கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் நடுவில் ஒரு பள்ளம். புடைத்த உதடு அந்தப் பள்ளத்தின்மேல் நிழல் போடுகிறது. மங்கல், பளிச், கருமை. இந்த மூன்று பட்டைகளும் அந்த வரிசையில் இருந்துவிட்டால் அது உதடு என்று கண் முடிவுகட்டிவிடும்.

மண்டபத்துக்குள் காலையில் ஒரு பக்கமிருந்தும் மாலையில் மறுபக்கமிருந்தும் வெளிச்சம் வரும்போது அதே சிலையின் சிரிப்பு கூடுவதையும் குறைவதையும் பார்க்கலாம். கல் மாறவில்லை. பட்டைகளின் அகலம்தான் மாறுகிறது. கான்டூர் பென்சிலும் இந்த மூன்றாவது பட்டையைத்தான் கையில் எடுத்துக்கொள்கிறது.

கண் நம்பும் ஒரு விஷயம்

ஒரு காகிதத்தில் காசு அளவுக்கு ஒரு வட்டம் போடுங்கள். உள்ளே பென்சிலைச் சாய்த்துத் தேய்த்து, மேல்பகுதி வெள்ளையாகவும் கீழே போகப்போகக் கருப்பாகவும் நிழல் கொடுங்கள். வட்டம் காகிதத்திலிருந்து குமிழாக எழும்பி நிற்கும். இப்போது காகிதத்தைத் தலைகீழாகத் திருப்புங்கள். குமிழ் குழியாகிவிடும். கோடு ஒன்றும் மாறவில்லை, கரி கூடவுமில்லை.

இந்தச் சோதனையை நுணுக்கமாக வளர்த்தெடுத்தவர் வி. எஸ். ராமச்சந்திரன். தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கலிபோர்னியாவில் மூளையை ஆராய்பவர். 1988-இல் 'நேச்சர்' இதழில் அவர் வெளியிட்ட கட்டுரை நிழலிலிருந்து உருவத்தைக் கண் எப்படிக் கண்டுகொள்கிறது என்பதைப் பற்றியது. வெளிச்சம் ஒன்றே ஒன்று, அது மேலிருந்துதான் வரும் என்ற எண்ணத்தோடுதான் நம் பார்வை வேலை செய்கிறது. எத்தனையோ லட்சம் ஆண்டுகளாக ஒற்றைச் சூரியனுக்குக் கீழே வாழ்ந்த உயிர்களுக்கு அது நியாயமான எண்ணம். அவருடைய சோதனைகளில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. காகிதத்தை அசைக்காமல், குனிந்து தலையைக் கவிழ்த்துப் பார்த்தாலும் குமிழ் குழியாகிறது. அதாவது 'மேலே' என்று மூளை எடுத்துக்கொள்வது வானத்தை அல்ல, நம் தலையின் உச்சி இருக்கும் திசையை.

இதை உதட்டுக்குக் கொண்டுவருவோம். கீழுதட்டின் அடியில் ஒரு கருமை தெரிந்தால், 'மேலிருந்து வரும் வெளிச்சத்தை ஏதோ ஒன்று மறைக்கிறது' என்று மூளை கணக்குப் போடுகிறது. மறைக்கக்கூடியது அங்கே உதடு ஒன்றுதான். நிழல் அழுத்தமாக இருந்தால் உதடு அவ்வளவு முன்தள்ளி இருக்க வேண்டும். இந்தக் கணக்கு நம் கவனத்துக்கு வருவதற்கு முன்பே முடிந்துவிடுவதால், கடைசியில் நமக்குக் கிடைப்பது 'அழகான, நிறைவான உதடு' என்ற விடை மட்டும். பென்சில் உதட்டில் எதையும் சேர்க்கவில்லை. உதட்டுக்குப் பக்கத்தில் ஒரு தடயத்தை விட்டுவைத்தது. இப்படிப் பொய்யான நிழலைத் தீட்டி உருவம் காட்டுவதை இந்த அத்தியாயம் முழுக்க 'நிழல் தீட்டல்' என்றே சொல்லப்போகிறேன்.

வீட்டில் செய்து பார்க்க ஒரு வழி உண்டு. இரவில் விளக்கை அணைத்துவிட்டு, கைபேசி டார்ச்சை நெற்றிக்கு மேலே பிடித்துக் கண்ணாடி பாருங்கள். பிறகு அதை முகவாய்க்குக் கீழே கொண்டுபோங்கள். கீழுதட்டின் அடிப்பள்ளம் வெளுத்து, மேலுதட்டின்மேல் இருக்கும் குழி இருண்டுவிடும். தெரிந்த முகம் தெரியாத முகமாகிவிடும்.

தோல் மெலிந்த இடம்

உதட்டின் நிறமுள்ள பகுதியைச் 'செவ்விதழ்' என்று வைத்துக்கொள்வோம். உடம்பின் மற்ற இடங்களில் தோலுக்கு மேலே உயிரற்ற செல்கள் அடுக்கடுக்காகப் படிந்து ஒரு கவசம் இருக்கும். செவ்விதழில் அந்தக் கவசம் மிக மெல்லியது. முடி முளைக்கும் துளை கிடையாது, வியர்வைச் சுரப்பி கிடையாது. நுண்ணிய ரத்தக் குழாய்கள் மேல்மட்டத்துக்கு நெருங்கி வந்திருக்கின்றன. ரத்தத்தின் சிவப்பு மெல்லிய தோல் வழியே வெளியே தெரிகிறது. உதடு எளிதில் காய்ந்து வெடிப்பதும் இதே காரணத்தால்தான்.

ஆனால் அந்தச் சிவப்புக்கு மேலே மெலனின் என்ற பழுப்பு நிறமி ஒரு திரை போடுகிறது. மாநிறமும் கருநிறமும் உள்ளவர்களுக்குத் திரை அடர்த்தி. நம் ஊரில் பலருக்கு மேலுதடு கீழுதட்டைவிடக் கருத்திருக்கும். கீழுதட்டிலும் நடுப்பகுதி சிவந்து, ஓரம் மட்டும் பழுப்பாகச் சுற்றியிருக்கும். இது குறை அல்ல. வெளிநாட்டுப் பெண்கள் லைனர் போட்டு வரவழைக்கும் ஓரக்கோடு நம்மில் பலருக்குப் பிறப்பிலேயே இருக்கிறது. அதனால் 'உதட்டைச் சுற்றிலும் பழுப்புக் கோடு போடுங்கள்' என்ற யோசனையை அப்படியே கேட்டு நடந்தால், இருக்கும் ஓரத்தின்மேல் இன்னொரு ஓரம் ஏறிவிடும்.

இன்னும் ஒன்று, மிக நுட்பமானது. மேலுதட்டின் எல்லையில் முகத்தோலும் செவ்விதழும் சேருமிடத்தில் மயிரிழை அளவுக்கு ஒரு மேடு ஓடுகிறது. விளிம்பு மேடு எனலாம். கண்ணாடியை ஜன்னலோரம் எடுத்துப்போய்ப் பக்கவாட்டில் பார்த்தால், வெளிறிய இழையாக அது மின்னுவது தெரியும். உதட்டைப் பெரிதாகக் காட்ட நினைத்து இந்த மேட்டைத் தாண்டிப் பூசும்போது வேஷம் கலைகிறது. நிறம் ஓரிடத்தில் முடிகிறது. மேட்டில் பட்டு மின்னும் ஒளி வேறிடத்தில் உதட்டின் உண்மையான எல்லையைச் சொல்லிவிடுகிறது. மேட்டுக்கு வெளியே பூனைமுடி உண்டு, உள்ளே கிடையாது. பூனைமுடியின்மேல் நிறம் ஒட்டினால், பக்கத்தில் வந்து பேசுகிறவர்களுக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் ஏதோ சரியில்லை என்று பட்டுவிடும்.

நிழலுக்கு என்ன நிறம்?

நிழல் கருப்பு என்றுதான் குழந்தைகள் வரைவார்கள். தோலில் விழும் நிழல் கருப்பாக இருப்பதில்லை. தோலில் பட்ட வெளிச்சத்தின் பெரும்பகுதி மேலேயே திரும்பிவிடாமல் உள்ளே நுழைந்து, அங்குமிங்கும் முட்டி, சற்றுத் தள்ளி வெளியே வருகிறது. இதை 'உள்சிதறல்' என்போம். உள்ளே போகும் நிறங்களில் நீலமும் பச்சையும் சீக்கிரம் விழுங்கப்படுகின்றன. சிவப்பு நெடுந்தூரம் பயணம் செய்கிறது. அதனால் வெளிச்சப் பகுதியிலிருந்து கொஞ்சம் சிவப்பு ஒளி தோலுக்கு அடியிலேயே கசிந்து நிழலுக்குள் எட்டிப்பார்க்கும். மனிதத் தோலில் நிழலின் ஓரம் எப்போதும் கொஞ்சம் சிவந்தும் மென்மையாகவும் இருப்பது இதனால்தான். கணினியில் உருவாக்கிய சினிமா முகங்கள் ஒருகாலத்தில் பிளாஸ்டிக் பொம்மைகளாகத் தெரிந்ததற்கு இந்தக் கசிவு விட்டுப்போனதும் ஒரு காரணம். 2001-இல் ஹென்ரிக் வான் ஜென்சனும் சகாக்களும் இதைக் கணக்கிடக் கையாளத்தக்க வழியொன்றைக் கண்டுபிடித்தார்கள். அதற்காக 2004-இல் ஆஸ்கர் அகாடமியின் தொழில்நுட்ப விருதும் கிடைத்தது. கூர்மையாகச் சீவிய பென்சிலால் இழுத்துக் கலைக்காமல் விட்ட கோடு போலியாகத் தெரிவதற்கும் காரணம் இதுதான். அங்கே கசிவு இல்லை.

இனி நிழலுக்குள் வந்து விழும் மற்ற வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும். சூரியன் மறைக்கப்பட்ட இடத்திலும் வானத்தின் நீல ஒளி விழுகிறது. 'நிழல் தீட்டக் குளிர்ந்த, சாம்பல் சாயல் கொண்ட பழுப்பைத் தேர்ந்தெடுங்கள்' என்று ஒப்பனைப் பாடங்களில் சொல்வதற்குப் பின்னால் இந்த நீலம் இருக்கிறது. ஆனால் கீழுதட்டின் அடிப்பள்ளம் வானத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்க்கிறது. புதுக்கோட்டைச் சீமையில் தரை என்றால் பல இடங்களில் செம்மண், தோண்டினால் செம்புறாங்கல். வெயிலில் காயும் செம்மண் தரையிலிருந்து எழும்பும் ஒளி செம்பழுப்பு. அது முகவாய்க்கு அடியிலும் உதட்டுக்கு அடியிலும் ஏறி நிழலைச் சூடேற்றுகிறது. குளிர்நாட்டு மேகத்தின் கீழே பொருந்தும் சாம்பல் பழுப்பு, செம்மண் தெருவில் ஒட்டாமல் நிற்பதில் வியப்பில்லை. நம் வெளிச்சத்துக்கு ஒரு பங்கு சிவப்பும் ஒரு பங்கு மஞ்சளும் கூடிய பழுப்பே இயல்பு.

கருநிறத் தோலில் இன்னொரு கணக்கு இருக்கிறது. அதை யாரும் அதிகம் சொல்வதில்லை, ஆனால் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஈரமான அல்லது எண்ணெய் பூசிய உதட்டின் மேற்பரப்பு, உள்ளே என்ன நிறம் இருந்தாலும், நேராக விழும் ஒளியில் ஏறக்குறைய 2 முதல் 4 சதவீதத்தை அப்படியே திருப்பி அனுப்பும். நாம் பார்க்கும் மினுமினுப்பு அதுதான். ஓர் உதட்டில் 100 பங்கு ஒளி விழுந்து 45 பங்கு நிறமாகத் திரும்புகிறது, கருத்த இன்னோர் உதட்டில் 15 பங்கு திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் மினுமினுப்பு 4 பங்கு. முதல் உதட்டில் அது நிறத்தோடு ஒப்பிட்டால் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இரண்டாவதில் கால் பங்குக்கும் மேல். ஆகக் கருத்த உதட்டின் உருவத்தைக் கண்ணுக்குச் சொல்வதில் நிழலைவிட மினுக்கத்துக்குப் பங்கு அதிகம். அப்படிப்பட்டவர்கள் கான்டூர் பென்சிலை அழுத்தி அழுத்தித் தேய்ப்பதைவிட, கீழுதட்டின் நடுவில் ஒரு சொட்டு லிப் கிளாஸோ தேங்காய் எண்ணெயோ வைத்தால் உருவம் தானாக எழும்பும்.

சித்தன்னவாசல் சிவப்பு

பென்சிலுக்குள் இருக்கும் பழுப்பு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் இரும்பிலிருந்து. இரும்பு ஆக்சைடுகளில் சிவப்பு ஒன்று, மஞ்சள் ஒன்று, கருப்பு ஒன்று. மூன்றையும் விகிதம் மாற்றிக் கலந்தால் மனிதத் தோலின் பெரும்பாலான நிறங்களை எட்டிவிடலாம். செம்மண்ணைச் சிவப்பாக்கும் பொருளும் இதே சிவப்பு ஆக்சைடுதான்.

இதே புதுக்கோட்டை மாவட்டத்தில் சித்தன்னவாசல் குடைவரையில் 9-ஆம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்து ஓவியர்கள் கையாண்டதும் அதையேதான். சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் அந்த ஓவியங்களின் சாயங்களை ஆராய்ந்து, சுண்ண வெள்ளை, கரி, செங்காவி, மஞ்சட்காவி முதலியவற்றை அடையாளம் கண்டார். செங்காவியும் மஞ்சட்காவியும் இரும்பின் சேர்மங்கள். சாயம் போகாமல் ஆயிரம் ஆண்டு நின்றிருக்கிறது என்றால், ஒரு கல்யாண நாள் முழுக்க உதட்டில் நிற்பதற்கு அதன் நிறமே தடையாக இருக்க முடியாது. உதிர்வதும் கலைவதும் அது ஒட்டியிருக்கும் மெழுகின் விவகாரம். அதைப் பிறகு சொல்கிறேன்.

தங்கைக்குச் சாம்பல் பூத்த கதைக்குக் காரணம் இன்னொரு பொருள், டைட்டானியம் டையாக்ஸைடு. வெண்மையான இந்தத் தூள் எல்லா நிற ஒளியையும் சிதறடிக்கும் திறமையில் மிஞ்ச முடியாதது. வெளிர் நிறங்களைத் தயாரிக்கவும் அடியில் இருப்பதை மறைக்கவும் இதைச் சேர்க்கிறார்கள். வெளிறிய தோலின்மேல் அது தெரியாது. கருத்த தோலின்மேல், உள்ளே போய்ச் சிவந்து திரும்ப வேண்டிய ஒளியை வாசலிலேயே தடுத்து வெள்ளையாகத் திருப்பி அனுப்பிவிடுகிறது. உள்சிதறல் போய்விடுகிறது, உயிர்க்களையும் போய்விடுகிறது. 'நியூட்' என்று பெயரிட்டு வரும் ஷேடுகள் பலவும் நம் தோலில் விபூதி பூசியதாக நிற்பது இதனால்தான். நிழல் தீட்டலுக்கு வேண்டியது மறைக்கும் பூச்சு அல்ல, அடியில் இருக்கும் தோலைத் தெரியவிடும் மெல்லிய பழுப்பு.

ஒரு முகூர்த்தம், மூன்று வெளிச்சம்

இப்போது எல்லாவற்றையும் ஒரே உதட்டில் வைத்துப் பார்ப்போம். அறந்தாங்கி மண்டபம் ஒன்றில் ஆவணி மாதக் கல்யாணம். காலை ஆறரைக்கு முகூர்த்தம். பெண் மாநிறம்; மேலுதடு பழுப்பு, கீழுதட்டின் நடு சிவப்பு, ஓரம் பழுப்பு. மணப்பெண் அறையில் அதிகாலை மூன்றரைக்கு மேக்கப் தொடங்குகிறது.

முதலில் உதட்டை ஈரத்துணியால் துடைத்து, மாய்ஸ்சரைசர் தடவிப் பத்து நிமிடம் விட்டு ஒற்றி எடுக்கிறார் பியூட்டிஷியன். பென்சில் முனையைப் புறங்கையில் இரண்டு தேய்ப்புத் தேய்க்கிறார், மெழுகு இளகுகிறது. கீழுதட்டுக்கு அடியில் நடு மூன்றில் ஒரு பங்கு நீளத்துக்கு மட்டும், எல்லையை ஒட்டி வெளியே ஒரு கோடு. பிறகு மோதிர விரலால் கீழ்நோக்கி மட்டும் தேய்க்கிறார். மேல்விளிம்பு தெளிவாக இருந்து கீழே போகப்போகக் கரைய வேண்டும். உண்மையான நிழலும் அப்படித்தான். உதட்டை ஒட்டிய இடத்தில் அழுத்தம், தள்ளிப்போகப்போக மங்கல். மேலும் கீழுமாகச் சமமாகத் தேய்த்துவிட்டால் அது நிழலாகத் தெரியாது, அழுக்காகத் தெரியும்.

வாயின் இரண்டு கடைக்கோடிகளையும் அவர் தொடவில்லை. அங்கே கருமை சேர்ந்தால் கோடி கீழே தொங்குவதாகக் கண் படித்துக்கொள்ளும், சிரிக்கும் பெண்ணின் முகத்திலும் ஒரு சோர்வு வந்துவிடும். மேலுதட்டின் விளிம்பு மேட்டையும் தொடவில்லை. மேலுதட்டுக்குள்ளே, கோடிகளுக்கு முன்னால் கொஞ்சம் பழுப்பு. கீழுதட்டின் நடுவில் கிளாஸ். அவ்வளவுதான். அறைக்குள் எட்டிப்பார்த்த அப்பத்தா கேட்கிறார்: "ஏம்மா, உதட்டுக்கு ஒண்ணுமே போடலையா?" "போட்டாச்சு அப்பத்தா, கண்ணுக்குத் தெரியாமப் போட்டிருக்கேன்" என்கிறார் பியூட்டிஷியன்.

அந்த அறையில் எரிவது எல்.இ.டி. ட்யூப். விலை மலிந்த வெள்ளை எல்.இ.டி. விளக்கின் ஒளியில் நீலமும் மஞ்சளும் தாராளம், ஆழ்ந்த சிவப்பு பற்றாக்குறை. உதட்டின் ரத்தச் சிவப்பைக் காட்ட வேண்டிய ஒளியே குறைவாக இருப்பதால் எந்த உதடும் அங்கே சோகை பிடித்துத் தெரியும். அனுபவமில்லாத கை அதைச் சரிசெய்ய இன்னும் சிவப்பு, இன்னும் பழுப்பு என்று ஏற்றிக்கொண்டே போகும். ஜவுளிக்கடையில் புடவையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்ப் பார்க்கும் நம் அம்மாக்களுக்கு இந்தச் சிக்கல் நன்றாகத் தெரியும். விளக்குக்கு விளக்கு நிறம் மாறும். தோலும் பென்சிலும் ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரிந்துவிட்டு வேறு விளக்கில் பிரிந்து நிற்பதும் அதே மாற்றம்தான். அதிகாலை மூன்றரைக்கு வாசலில் வெயில் கிடைக்காது. ஆனால் நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கு விளக்குகளுக்கு ஒரு மதிப்பெண் உண்டு. 100 முழு மதிப்பெண். சாதாரண எல்.இ.டி. 80 அளவில் இருக்கும். அட்டையில் 90-க்கு மேல் போட்டிருக்கும் பல்ப் ஒன்றை வாங்கிக் கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டுவது, விலை உயர்ந்த எந்தப் பென்சிலையும்விடப் பெரிய முதலீடு.

இரண்டாவது வெளிச்சம் மணவறையில். வீடியோ லைட் நேர் எதிரே, முகத்தின் உயரத்தில். முன்னாலிருந்து நேராக விழும் ஒளியில் நிழல் எல்லாம் முகத்துக்குப் பின்னால் ஓடிவிடும். புகைப்படக்காரரின் ஃபிளாஷும் அதையே செய்யும். ஓமத் தீயின் ஒளி கீழேயிருந்து வந்து, மிச்சமிருக்கும் நிழலையும் கழுவிவிடும். சிலையை நேர் எதிரே டார்ச் அடித்துப் பார்த்தால் உதடு தட்டையாகிவிடுவதும் இப்படித்தான். இங்கேதான் தீட்டிய நிழலின் அருமை தெரிகிறது. வெளிச்சம் அழித்த நிழலைப் பென்சில் திருப்பித் தருகிறது. ஆல்பத்தில் அந்தப் பெண்ணின் வாய் அழகாக விழும். மேடையிலும் சினிமாவிலும் இந்தக் கலை வளர்ந்ததற்குக் காரணமும் முகத்துக்கு நேரே அடிக்கும் விளக்குகள்தான்.

மூன்றாவது வெளிச்சம் வெயில். அறந்தாங்கி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 10 பாகையில் இருக்கிறது. அதனால் ஏப்ரல் நடுவில் ஒருமுறையும் ஆகஸ்ட் கடைசி வாரத்தில் ஒருமுறையும் நண்பகல் 12.15 மணியளவில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடுகிறது. நட்டுவைத்த குச்சிக்கு நிழல் விழாத நாட்கள் இவை. ஒன்று சித்திரைத் தொடக்கத்தில், மற்றது ஆவணியில். இரண்டும் கல்யாண மாதங்கள். பெண்ணை வழியனுப்பும் நேரத்தில் மண்டப வாசலில் செங்குத்தாக வெயில். குச்சிக்கு நிழல் இல்லாத அந்த நேரத்தில்தான் முகத்தில் நிழல் மிகவும் கடுமை. கண்குழிக்குள், மூக்கின் அடியில், கீழுதட்டின் கீழே. உண்மையான நிழல் அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருக்க, அதன்மேல் பென்சில் நிழலும் சேர்கிறது. இரண்டு நிழல்கள் ஒன்றின்மேல் ஒன்று. மணவறையில் அழகாக இருந்த இடம் வாசலில் திட்டாகத் தெரிவதற்கு விளக்கம் இதுதான்.

உண்மை நிழல் வெளிச்சத்தோடு நகரும், தீட்டிய நிழல் நகராது. அதனால் எந்த வெளிச்சத்தில் அதிக நேரம் இருக்கப்போகிறோம் என்று முதலில் முடிவுசெய்ய வேண்டும். ரிசப்ஷன் மேடைக்கு முழு அழுத்தம். பகலில் வெளியே நடமாடும் நாளுக்கு அதில் பாதி போதும். உச்சிவெயிலில் பென்சிலே வேண்டாம். சூரியன் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

மெழுகும் எண்ணெயும்

லிப் பென்சில் என்பது நிறமியைச் சுமக்கும் மெழுகு. பிரேசிலின் பனை ஒன்றிலிருந்து வரும் கார்னோபா, மெக்சிகோவின் செடியிலிருந்து வரும் கேண்டலில்லா, தேன்மெழுகு, கூடவே ஆமணக்கெண்ணெய் போன்றவை. லிப்ஸ்டிக்கைவிடப் பென்சிலில் மெழுகு அதிகம், எண்ணெய் குறைவு. கோடு ஓடாமல் நிற்பது அதனால். கல்யாணச் சாப்பாட்டில் நெய்யும் எண்ணெயும் உதட்டில் பட்டதும் மெழுகு கரைகிறது. தண்ணீருக்கு அசையாதது சாம்பாரின் தாளிப்புக்கு வழிவிட்டுவிடும்.

உரித்தெடுக்கும் வகையும் இப்போது வருகிறது. பூசினால் பாலிவினைல் ஆல்கஹால் ஏடாக உலரும். உரித்தால் ஏடு வந்துவிடும், அதிலிருந்த சாயம் செவ்விதழின் மேலடுக்குச் செல்களில் தங்கிவிடும். எண்ணெய் அதை அசைக்காது. அந்தச் செல்கள் உதிரும்போதுதான் நிறம் போகும். வெடித்த உதட்டில் மட்டும் இதைப் போடக் கூடாது. வெடிப்புகளில் சாயம் கூடுதலாக ஊறி வரிவரியாகத் தெரியும், உரிக்கும்போது தோலும் சேர்ந்து வரும்.

பழைய கூத்து, நாடக ஒப்பனையில் புழங்கிய அரிதாரம் ஆர்சனிக் சேர்மம், சாதிலிங்கம் பாதரசச் சேர்மம். வாய்க்குள் போகக்கூடிய இடத்தில் பூசுவது என்பதால் இன்றைய சட்டம் கண்டிப்பானது. இந்தியாவின் 2020 அழகுசாதன விதிகளின்படி, நிறமிகளில் ஈயம் பத்து லட்சத்தில் 20 பங்குக்கும் ஆர்சனிக் 2 பங்குக்கும் மேல் இருக்கக் கூடாது. தயாரிப்பாளர் பெயரும் உரிம எண்ணும் தொகுதி எண்ணும் இல்லாத பென்சில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அதை உதட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். பார்லரில் ஒரே பென்சிலை எல்லோருக்கும் போடுவதையும் நான் ஏற்க மாட்டேன். வாயோரத்தில் கொப்புளம் வரவைக்கும் ஹெர்பிஸ் வைரஸ் இப்படிப் பரவ இடமுண்டு. பென்சிலை முதலில் சீவி, நுனியைத் துடைத்துவிட்டுப் போடச் சொல்லிக் கேட்பது மணப்பெண்ணின் உரிமை. சொந்தப் பென்சில் கொண்டுபோவது இன்னும் நல்லது.

ஓரம் மங்கும் வயது

நடுவயதைத் தாண்டியவர்கள், "இதெல்லாம் எங்களுக்கு எதுக்கு" என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். அவர்களுக்குத்தான் இந்தப் பென்சில் அதிகம் கொடுக்கும் என்பது என் எண்ணம். கண், புருவம், உதடு ஆகியவற்றுக்கும் சுற்றியுள்ள தோலுக்கும் இடையிலான நிற வேறுபாட்டை ரிச்சர்ட் ரஸ்ஸல் என்ற உளவியலாளர் பல ஆண்டுகள் அளந்திருக்கிறார். 2013-இல் அவரும் ஒரோலி போர்ஷெரான் முதலியவர்களும் வெளியிட்ட ஆய்வில், வயது ஏற ஏற இந்த வேறுபாட்டின் சில கூறுகள் குறைவதும், பார்க்கிறவர்கள் வயதை ஊகிக்க அதையும் ஒரு குறியாக எடுத்துக்கொள்வதும் தெரியவந்தது. 2017-இல் சீன, லத்தீன் அமெரிக்க, தென்னாப்பிரிக்க முகங்களை வைத்தும் இதையே பார்த்தார்கள். உதட்டின் சிவப்பு குறைகிறது, விளிம்பு மேடு தாழ்கிறது, எல்லை கரைகிறது. அடர்சிவப்புப் பூசினால் அது கரைந்த எல்லையின் சுருக்கங்களில் வழிந்து ஓடும். கீழுதட்டுக்கு அடியில் மெல்லிய நிழலும், நடுவில் தன் உதட்டு நிறத்தைவிட ஒரு படி சிவந்த மெழுகும் போட்டால் எல்லை திரும்பி வரும், பூசியது தெரியாது.

கடையில் எப்படித் தேர்வது

மணிக்கட்டின் உட்புறத்தில் கோடு இழுத்துப் பார்ப்பது வழக்கம். முகத்தைவிட வெளிறிய அந்த இடம் இந்த வேலைக்கு உதவாது. கைக்கண்ணாடியோடு கடை வாசலுக்கு வாருங்கள். வெயிலுக்குள் இறங்காமல் நிழலில், வெளிச்சம் கொஞ்சம் மேலிருந்து படும்படி நில்லுங்கள். கீழுதட்டின் அடியில் இயல்பாக விழுந்திருக்கும் நிழலைப் பாருங்கள். கடைக்காரர் சீவித் துடைத்துத் தந்த பென்சிலால், அந்த நிழலுக்குச் சற்றுக் கீழே, முகவாயின் வெளிச்சமான இடத்தில் ஒரு பொட்டு வைத்துக் கலையுங்கள். இரண்டும் ஒரே நிறமாகத் தெரிந்தால் அது உங்கள் பென்சில். பொட்டு சாம்பலாகத் தெரிந்தால் இன்னும் சிவந்த ஷேடு கேளுங்கள். நிழலைவிடச் சிவந்து தெரிந்தால் அதை உதட்டுக்குள்ளே பூச வைத்துக்கொள்ளலாம், அடியில் தீட்ட ஆகாது. எந்த ஷேடும் நிழலோடு ஒத்துவரவில்லை என்றால் புருவத்துக்கு வைத்திருக்கும் பழுப்புப் பென்சிலைத் தேடாதீர்கள். அதில் கருப்பு ஆக்சைடு அதிகம், உதட்டுக்கு அடியில் நீலம் பூத்துவிடும்.